இழுக்கும், சரி. தாங்குமா?

போன வாரம் டல்லாஸ் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். 40 அடி ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்கு, அதாவது பிக்கப் டிரக்கில் மாட்டி இழுக்கிற வீட்டு வண்டிக்கு, முன்பணம் கட்டியாயிற்றாம், இப்போது அதை இழுக்க டிரக் தேடுகிறானாம். "அண்ணா, 20,000 பவுண்ட் இழுக்கும்னு போட்டிருக்காங்க, நம்ம டிரெய்லர் 15,000 தானே, தாராளமா போதும்ணா" என்றான். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் பேசியதை யாரோ ரெக்கார்ட் பண்ணித் திருப்பிப் போட்டதுபோல இருந்தது.

டயரில் காற்றைப் பார், கண்ணாடியைச் சரிசெய் என்கிற பாடமெல்லாம் இங்கே கிடையாது. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இதற்கு டிரக் வாங்கும்போது நாம் செய்கிற தவறுகள் மட்டும்தான் இங்கே.

இழுவை எண்ணை மட்டும் பார்ப்பது

இதுதான் எனக்குப் பணம் போன இடம், இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வரும். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இது சட்டென்று புரியும். மாடு இழுப்பது ஒரு கணக்கு, அதன் கழுத்தில் நுகத்தடி அழுத்துவது வேறு கணக்கு. முன்பாரம் கூடிவிட்டால் எவ்வளவு பலமான மாடானாலும் திணறும். ஃபிஃப்த் வீலும் அப்படித்தான். சாதாரண டிரெய்லர் டிரக்கின் வாலில் தொங்கும், அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம்தான் வண்டி மேல் இறங்கும். ஃபிஃப்த் வீலோ டிரக்கின் முதுகிலேயே, பின் ஆக்சிலுக்கு மேலே ஏறி உட்காருகிறது. 20 சதவீதம், சில டிரெய்லர்களில் அதற்கு மேலேயும் நேராக இறங்கும். 15,000 பவுண்ட் என்றால் 3,000 பவுண்ட். டிரெய்லரின் பின் (pin) வழியாக இறங்கும் இந்த எடையைத்தான் பின் வெயிட் என்கிறார்கள்.

அந்த 3,000-ஐ டிரக் தாங்குமா என்பதற்கான பதில் விளம்பரத்தில் இருக்காது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று. அதுதான் பேலோடு. நான் எட்டு மாசம் அந்தக் கதவைத் திறந்து மூடினேன், ஒருநாள் கூடப் படித்ததில்லை.

நான் வாங்கியது முக்கால் டன் வகை, அதாவது 250, 2500 என்று பெயர் போட்டு வருமே, அது. டீசல், நாலு கதவு, நாலு சக்கர டிரைவ், தோல் சீட், மேலே சன்ரூஃப், ஒன்றையும் விடவில்லை. இந்த வகை வண்டிகளில் பலவற்றுக்குச் சுமையோடு சேர்ந்த மொத்த எடைக்கு 10,000 பவுண்ட் என்று ஒரு உச்சவரம்பு உண்டு, டீசல் எஞ்சினோ பெட்ரோலைவிடப் பல நூறு பவுண்ட் கனம். ஆக, நான் ஆசைப்பட்டுச் சேர்த்த ஒவ்வொன்றும் அந்த 10,000-க்குள்ளிருந்துதான் கழிந்தது. கடைசியில் ஸ்டிக்கரில் மிஞ்சியது 2,134. இழுக்கப் பலம் கூடக்கூடத் தாங்கும் இடம் குறைந்துகொண்டே போகிறது என்று விற்றவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கொலராடோ போகிற வழியில் நியூ மெக்சிகோ எல்லையில் ரேட்டன் கணவாய், 7,834 அடி. ஏற்றத்தில் எஞ்சின் முனகக்கூட இல்லை, எனக்கு ஒரே பெருமை. ராத்திரி எதிரே வந்த லாரிக்காரர்கள் எல்லாம் எனக்கு லைட் அடித்துக் காட்டினார்கள். "என்னங்க, நம்ம வண்டி மூக்கைத் தூக்கிக்கிட்டு வானத்தைப் பாக்குதே" என்றாள் மனைவி. லோ பீமில்தான் போகிறோம் என்று அவளிடம் வாதாடினேன். மறுநாள் பெட்ரோல் பங்க்கில் பின் டயரில் கை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன்.

ஊர் திரும்பும்போது ஐ-35 நெடுஞ்சாலை ஓரம் ஒரு டிரக் ஸ்டாப்பில் கேட் (CAT) ஸ்கேல் என்கிற லாரி எடைமேடையில் ஏற்றினேன். முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் என்று மூன்றையும் தனித்தனியாக எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பார்கள், இருபது டாலருக்குள் முடியும். பின் ஆக்சில் தாங்க வேண்டியது 6,200, சீட்டில் 6,920. டிரக் மட்டும் 11,860. அப்புறம் உட்கார்ந்து கூட்டினேன்: பின் வெயிட் 3,050, டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் 180, நாங்கள் நாலு பேர் 560, ஜெனரேட்டரும் கருவிப் பெட்டியும் 210. மொத்தம் 4,000. தாங்குவதோ 2,134. ஏறக்குறைய 850 கிலோ அதிகச் சுமையோடு என் பிள்ளைகளை மலை ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

அந்த டிரக்கைத் தள்ளிவிட்டதில் போன பணத்தை வீட்டில் இன்னமும் முழுசாகச் சொல்லவில்லை. இப்போது வைத்திருப்பது ஒரு டன் டூயலி, பின்னால் நாலு டயர். ஸ்டிக்கரில் 5,300.

காலி எடையை நம்புவது

கையேட்டில் இருக்கும் டிரெய்லர் எடை, ஒரு பொருளும் ஏற்றாத வெறும் கூட்டின் எடை. தண்ணீர் ஒரு கேலன் 8.3 பவுண்ட், 100 கேலன் தொட்டி நிரம்பினாலே 830. அதற்கு மேல் நம் வீட்டில் அரிசி மூட்டையும் கிரைண்டரும் கூட ஏறும். டிரெய்லரில் அச்சடித்திருக்கிற உச்ச எடையை எடுத்து, அதில் 20 சதவீதத்தைப் பின் வெயிட்டாகப் போட்டுப் பாருங்கள்.

குட்டை பெட்

பெட், அதாவது டிரக்கின் பின்பக்கத் தொட்டி, குட்டையாக இருந்தால் திருப்பும்போது டிரெய்லரின் மூக்கு வந்து டிரக்கின் பின் கண்ணாடியை உடைக்கும். 8 அடி பெட் வாங்குங்கள், இல்லையென்றால் பின்னால் நகரும் ஸ்லைடர் ஹிட்ச் போடுங்கள்.

ஏற்றத்தைப் பற்றி மட்டும் கவலைப்படுவது

இறக்கம்தான் ஆளைக் கொல்லும். டீசலில் எக்சாஸ்ட் பிரேக், அதாவது எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கிற பிரேக், இருக்கிறதா என்று பாருங்கள்.

லைசென்ஸ்

என் டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்தால் உச்ச எடை 29,500. டெக்சாஸில் ஜோடி 26,000-ஐத் தாண்டி, டிரெய்லரும் 10,000-ஐத் தாண்டினால் வணிகமல்லாத கிளாஸ் ஏ வேண்டும். கலிபோர்னியாவில் ஃபிஃப்த் வீல் மட்டுமே 15,000-ஐத் தாண்டினாலே வேண்டும். சாதாரண லைசென்ஸில் ஓட்டுகிற எத்தனையோ பேரை எனக்கே தெரியும்.

ஏர்பேக் போட்டுச் சமாளிப்பது

விபத்தில் விரிகிற ஏர்பேக் இல்லை, பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கிற காற்றுப் பை. தொங்கின பின்பக்கம் நிமிரும், லைட் நேராகும், பார்க்க அம்சமாக இருக்கும். ஸ்டிக்கரில் உள்ள எண் ஒரு பவுண்ட் கூட மாறாது. ஆக்சிலும் டயரும் சக்கரமும் பழையதுதானே.

இதையெல்லாம் அந்தத் தம்பிக்கு முக்கால் மணி நேரம் சொன்னேன். நேற்று ராத்திரி கடையில் நின்றுகொண்டு கதவு ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். 2,210. கீழே ஒரு வரி: "ஏர்பேக் போட்டா கொஞ்சம் ஏறுமாண்ணா?"