முதல் கிறிஸ்தவ ராக் ஆல்பம்: சபை ஹாலில் தொடங்கி ரிலீஸ் வரை

பத்துப் பாட்டுக்குத் திட்டம் போடுகிற பேண்ட், நான்காவது பாட்டிலேயே காசும் பொறுமையும் தீர்ந்து நிற்கும். முதல் ஆல்பத்துக்கு ஐந்து பாட்டு, மொத்தம் 20 நிமிடம் போதும். பெயர் மெல்லத்தான் வரும். கிறிஸ்தவ ராக் பேண்டான பெட்ராவைப் பாருங்கள். 1972-ல் அமெரிக்காவின் ஃபோர்ட் வெய்ன் ஊரில் தொடங்கியது. முதல் ஆல்பம் 1974-ல், அடுத்தது 1977-ல். பரவலாகக் காதில் விழுந்தது 1981-ல் வந்த 'நெவர் சே டை'க்குப் பிறகுதான். 1986 ஆல்பத்தில் கிரெக் வோல்ஸுக்குப் பதிலாக ஜான் ஷ்லிட் பாடினார். பாடகர் மாறியும் பேண்ட் கலையவில்லை. பெரும்பாலான பாட்டுகளை எழுதிய கிதார்காரர் பாப் ஹார்ட்மன் உள்ளேயே இருந்தார்.

வடசென்னையின் வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் ஆள் மாறுகிற இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. பாடகருக்கு துபாய் விசா வரும், டிரம்மருக்கு நைட் ஷிஃப்ட் விழும். அதனால் முதல் வேலை ஒரு தாள். எந்தப் பாட்டின் வரி யாருடையது, மெட்டு யாருடையது, ரெக்கார்டிங் செலவில் யார் எவ்வளவு போட்டார் என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். சட்டத்தில் வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. "நம்ம பசங்கதானே" என்று விட்டால், பாட்டு நாலு பேருக்குத் தெரிந்த பிறகுதான் சண்டை வரும்.

பழைய கீர்த்தனையை ராக் ஆக்கப் போகிறீர்களா? எழுதியவர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் அந்த வரி பொதுச்சொத்து. 1864-ல் மறைந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாடல்களுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் இன்னொருவர் சமீபத்தில் போட்ட மெட்டில் அதைப் பாடினால் அந்த மெட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார். இன்று பாடல் ஊழியம் செய்கிறவர்களின் பாட்டைக் கவர் செய்வது, அதாவது நீங்கள் பாடிப் பதிவது, இன்னும் சிக்கல். உரிமையாளரின் நேரடி அனுமதி இல்லாமல் பதிப்புரிமைச் சட்டம் 31சி பிரிவின்படி செய்வதென்றால், முதல் ஒலிப்பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டி கட்ட வேண்டும். வரியையோ மெட்டையோ இஷ்டத்துக்கு மாற்றவும் கூடாது. சொந்தப் பாட்டே மேல்.

கிதாருக்கு மேல் தமிழை வைக்கும்போது அதிகம் சறுக்குவது குறில் நெடிலில். கோரஸில் குறிலை இழுத்தால் "வரம் தாரும்" என்பது "வாரம் தாரும்" ஆகிவிடும். கர்த்தரிடம் ஏழு நாள் தவணை கேட்கிற மாதிரி. நீண்ட ஸ்வரம் நெடிலில்தான் விழ வேண்டும்: "வரம்" சட்டென்று முடிய, "தா"வில் இழுங்கள். பாடாமல் வரியைச் சத்தமாகப் பேசிப் பாருங்கள். பேச்சில் அழுத்தம் விழாத இடத்தில் ஸ்நேர் டிரம்மின் அடி விழுந்தால் மாற்ற வேண்டியது வரியைத்தான். ராகத்தில் அமைந்த பாட்டுக்கு, ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த பவர் கார்டு நன்றாக ஒத்துப்போகும். அதில் காந்தாரம் இல்லாததால் மேஜரா மைனரா என்ற மோதல் வராது.

கானா கேட்டு வளர்ந்த டிரம்மருக்கு 6/8 தாளம் கையிலேயே இருக்கும். அதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் 4/4-ல் அடிப்பது வீண். 6/8 பாட்டுக்கு ஒரு பாரில் (ஒரு தாளச் சுற்றில்) ஆறு கிளிக் (வேகம் காட்ட ஹெட்போனில் ஒலிக்கும் தட்டு) வைத்தால் அடி இயந்திரம்போல ஆகும், இரண்டு கிளிக் வையுங்கள். வேகத்தை மனக்கணக்கில் முடிவு செய்யாதீர்கள். மூன்று பிராக்டிஸை போனில் பதிந்து, ஆப்பில் தட்டி அளந்து, நடுவில் வருகிற எண்ணை வையுங்கள். நான்கு வாரம் கிளிக்கோடு வாசித்துப் பழகாத டிரம்மரை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போவது, மணிக்கணக்கில் வாடகை கொடுத்து பிராக்டிஸ் செய்வதுதான்.

ஸ்டுடியோ செலவை டிரம்ஸுக்கு மட்டும் வையுங்கள், ஒரு நாள். நான்கு மைக் போதும்: கிக், ஸ்நேர், தலைக்கு மேல் இரண்டு. மேல் மைக் இரண்டும் ஸ்நேரின் நடுவிலிருந்து ஒரே தூரம் இருக்கிறதா என்று நூல் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். தூரம் மாறினால் அலைகள் ஒன்றையொன்று தின்று ஸ்நேர் தகரம்போல ஒலிக்கும்.

மற்றதெல்லாம் வீட்டிலேயே. இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிதாரையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம். பேஸையும் கிதாரையும் 'இன்ஸ்ட்ருமென்ட்' பட்டன் அழுத்திய இன்புட்டில் செருகுங்கள். லைன் இன்புட்டில் செருகினால் சத்தம் மெலிந்துவிடும். டிஸ்டார்ஷன் ஆராதனையில் வைப்பதில் பாதி போதும். ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து இடமும் வலமும் வைத்தால்தான் அகலம் வரும். ஒரு டேக்கையே காப்பி செய்து இரண்டு பக்கமும் போட்டால் அது நடுவிலேதான் கேட்கும். காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். முதல் நாள் மாற்றி, ஒவ்வொரு டேக்குக்கும் முன் டியூன் பாருங்கள்.

"ஊம்" என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகி, லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் போவதற்காக எர்த் பின்னை வெட்டுகிறவர்கள் உண்டு. கையில் கிதார், உதட்டில் மைக் என்று நிற்கிறவருக்கு அது உயிராபத்து.

முட்டை அட்டை வெளிச் சத்தத்தைத் தடுக்காது. சத்தத்தை நிறுத்துவது கனம். அட்டைக்குக் கனம் கிடையாது. பாடும்போது இலவம்பஞ்சு மெத்தையைப் பாடகரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள், ஏனென்றால் மைக்கின் முகம் அந்தச் சுவரைத்தான் பார்க்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண், நடுவில் 'ப' சொல்லும்போது அடிக்கும் காற்றைத் தடுக்கும் வலையான பாப் ஃபில்டர். ஃபேன் நிற்க வேண்டும், ஆகவே 20 நிமிடத்துக்கு ஒரு இடைவேளை. கொருக்குப்பேட்டை கூட்ஸ் ரயில் ஹார்னும் கண்டெய்னர் லாரியும் ஓயாத பகுதியென்றால் குரலை இரவு 11-க்கு மேல் எடுங்கள். ஆடி ஞாயிறுகளில் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றி மைக்செட் போடுவார்கள். அந்த மாதம் மிக்ஸிங்குக்கு நல்லது.

மிக்ஸில் குரலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். வார்த்தை புரிய வேண்டிய 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் கிதாரை 3 டெசிபல் இறக்குங்கள். ழகரம் அங்கேதான் தொலைகிறது. போன் ஸ்பீக்கரிலும் ஷேர் ஆட்டோவிலும் போட்டுக் கேளுங்கள். பாட்டு தெரியாத ஒருவருக்கு முதல் சரணம் விளங்கவில்லையென்றால் மிக்ஸ் முடியவில்லை. கடைசி அளவு மைனஸ் 14 லஃப்ஸ் (மொத்தப் பாட்டின் சத்த அளவு) சுற்றி, உச்சம் மைனஸ் 1 டெசிபல். அதற்கு மேல் ஏற்றினால் ஸ்ட்ரீமிங் தளமே குறைத்துவிடும்.

லெந்து நாட்களில், அதாவது தவக்காலத்தில், ராக் ஆல்பம் வெளியிட்டால் சபையில் முணுமுணுப்பு வரும், டிசம்பரில் கேரல் கூட்டத்தில் காணாமல் போகும். ஈஸ்டருக்குப் பிந்தைய வாரங்கள்தான் சரி. பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரிடம் நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள். அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல், பேண்ட் பெயர் எங்கும் ஒரே எழுத்துக்கூட்டல். ஒவ்வொரு ஒலிப்பதிவையும் அடையாளம் காட்டுகிற, எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீட்டை அந்த முதல் தாளிலேயே குறித்துவையுங்கள். பின்னால் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது அதே குறியீட்டைக் கொடுக்காவிட்டால், பாட்டு கேட்ட கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கக்கூடும்.