ரோண்டாவில் இருவராக ஒரு நாள்: எதற்கு அப்புறம் எது?

ரோண்டாவுக்கு நானும் மனைவியும் இரண்டு முறை போயிருக்கிறோம். முதல் முறை மதியச் சாப்பாடு கிடைக்காமல், முழங்கால் விண்விண்ணென்று வலிக்க, ஒருவரோடொருவர் பேசாமல் பேருந்து ஏறினோம். ஊர்மேல் தப்பில்லை. எதை எந்த நேரத்தில் பார்ப்பது என்று தெரியாமல் போனதுதான் தப்பு. இரண்டாம் முறை வரிசையை மாற்றினோம். அந்த வரிசைதான் இது. விசா, டிக்கெட் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

முதலில் ஊரின் அமைப்பு. ஸ்பெயினின் தெற்கில், மாலகா மாகாணத்து மலைகளுக்கு நடுவே சுமார் 740 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ரோண்டா. எல் தாஹோ என்கிற பள்ளம் ஊரை இரண்டாக வெட்டுகிறது. அடியில் குவாதலெவின் ஆறு. ஒரு கரையில் லா சியுதாத், 1485 வரை முஸ்லிம்கள் ஆண்ட பழைய ஊர். மறுகரையில் எல் மெர்காதில்லோ. இதைப் புது ஊர் என்கிறார்கள், அதற்கே சில நூற்றாண்டு வயது.

படி 1: முந்தின நாள் இரவே போய்விடுங்கள்

மாலகாவிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம் பிடிக்கும், சில சமயம் அதற்கும் மேல். காலையில் கிளம்பினால் சுற்றுலாப் பேருந்துக் கூட்டத்தோடுதான் போய் இறங்குவீர்கள். ஓர் இரவு வாடகை கொடுத்தால் கூட்டமில்லாத காலையும் மாலையும் உங்களுக்கு.

படி 2: காபிக்கு முன்பே பாலம்

புவெந்தே நுவேவோ, அதாவது புதுப் பாலம். 98 மீட்டர் உயரம், கட்டி முடித்தது 1793-இல். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்த நிதானத்துக்குக் காரணம் இருக்கிறது: 1735-இல் அவசரமாகக் கட்டிய முந்தைய பாலம் 1741-இல் இடிந்து, சுமார் ஐம்பது பேர் இறந்துபோனார்கள்.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சும்மா கீழே பாருங்கள். சிவந்த அலகுள்ள காக்கை இனப் பறவைகள் நம் காலுக்குக் கீழே பறக்கும். பறவையின் முதுகை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். 9-ஆம் நூற்றாண்டில் இறக்கை கட்டிப் பறக்க முயன்றதாகச் சொல்லப்படும் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் பிறந்த ஊரும் இதுதான். இந்தப் பள்ளத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

படி 3: வெயில் ஏறுமுன் கிழக்குப் பக்கம் இறங்குங்கள்

பழைய ஊர்ப் பக்கமாக இறங்கினால் ஐந்தாம் பிலிப் வாயில், பழைய பாலம் (1741-இல் இடிந்தது அல்ல, இது வேறு), அப்புறம் அரபுக் குளியல் கூடம். கூடத்தின் வளைவுக் கூரையில் நட்சத்திர வடிவத்தில் துளைகள் போட்டிருக்கிறார்கள். காலை வெளிச்சம் அவற்றின் வழியே தரையில் விழுவதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

வந்த வழியே திரும்பி ஏறாதீர்கள். பழைய பாலத்தைக் கடந்து, ஹார்தினேஸ் தே குவென்கா தோட்டத்து அடுக்குகள் வழியாக ஏறினால் மூச்சு வாங்காது. ஒவ்வோர் அடுக்கிலும் நின்று பள்ளத்தைப் பார்க்கலாம்.

படி 4: இரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தே ஆக வேண்டும்

நாங்கள் சறுக்கியது இங்கேதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் முறை ஒரு மணிக்கு, "பாலத்தைக் கீழேயிருந்து ஒரு படம் எடுத்துவிட்டு வந்து சாப்பிடலாம்" என்று மேற்குச் சரிவில் அவளை இறக்கிவிட்டேன். போனில் இருந்த வரைபடம் சில நூறு மீட்டர்தான் என்றது. அது படுக்கைவசத் தூரம், சரிவு எவ்வளவு செங்குத்து என்று அது சொல்லவில்லை. நிழலே இல்லாத பாதையில் ஏறி மேலே வந்தபோது மணி நான்கைத் தாண்டியிருந்தது. போன உணவகத்தில் எல்லாம் ஒரே பதில்: சமையலறை மூடியாச்சு. இனி இரவு எட்டு மணிக்கு மேல்தான். "ஏங்க, அந்தப் படத்தையே சாப்பிடலாமா?" என்றாள்.

அதனால் இரண்டு மணிக்கு உட்காருங்கள். மெனு தெல் தியா கேளுங்கள், ஒரே விலையில் முழுச் சாப்பாடு வரும். நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்த் தூங்குங்கள். கடைகள் பலவும் அந்நேரம் மூடித்தான் கிடக்கும்.

(பின்சேர்க்கை: சைவம் சாப்பிடும் ஒருவர், "சல்மொரேஹோ தக்காளி சூப்தானே என்று வாங்கினேன், மேலே பன்றி இறைச்சித் துண்டுகள்" என்று எழுதியிருந்தார். ஆமாம், மேலே தூவித்தான் தருவார்கள். 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்றால் மட்டும் போதாது, 'சின் ஹமோன், சின் அதூன்' என்று பன்றியையும் மீனையும் பெயர் சொல்லி விலக்குங்கள். கரும்புப் பாகு ஊற்றிய பொரித்த கத்தரிக்காய் கிடைத்தால் விடாதீர்கள்.)

படி 5: மாலையில் மேற்குச் சரிவு

ஆறு மணி வாக்கில் லா சியுதாத்துக்குள் நுழையுங்கள். சாந்தா மரியா தேவாலயம் பழைய மசூதி இருந்த இடத்தில் எழுந்தது. சந்துகளில் போன் வரைபடம் தடுமாறும், தகவல் மையத்துக் காகித வரைபடமே எனக்குப் போதும்.

மரியா ஆக்ஸிலியதோரா சதுக்கத்திலிருந்து அந்தப் பாதையில் இப்போது இறங்குங்கள். மாலை வெயில் பாலத்தின் முகத்தில் நேராக அடிக்கும், மதியம் பட்ட பாடும் இருக்காது. ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ கட்டாயம். செல்ஃபி குச்சிக்குப் பதில் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

(பின்சேர்க்கை: "மாமியாருக்கு முழங்கால் வலி, என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். படி 3, 5 இரண்டிலும் இறங்கவே வேண்டாம். சமதளத்தில் இருக்கும் அலமேதா தெல் தாஹோ பூங்காவே போதும்.)

காளைச் சண்டை அரங்கம் 1785-இல் திறந்தது, 66 மீட்டர் விட்டம். மனைவிக்குப் பிடிக்காது என்பதால் வெளியே நின்று பார்த்ததோடு சரி.

படி 6: பால்கனி

பாலத்தைத் திரும்பக் கடந்து, அலமேதா பூங்காவை ஒட்டிப் பள்ளத்தின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்குப் போங்கள். கோடையில் ஒன்பதரை வாக்கில்தான் சூரியன் மறையும். உள்ளூர்க்காரர்கள் அந்த பால்கனிக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. முதல்முறை எட்டிப் பார்ப்பவர் வாயில் தானாக வரும் கெட்ட வார்த்தைதான் அது. அவள் எட்டிப் பார்த்தாள். தமிழிலும் அதற்கு ஒரு வார்த்தை இருப்பது அன்று எனக்குத் தெரிந்தது.