நூலகத்தில் பகுதிநேர வேலையா? புள்ளிக்குப் பின்னால் பாருங்கள்

பல்கலைக்கழக நூலகத்தில் மாணவர் வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்களா? பல இடங்களில் புத்தகங்களை வரிசைப்படுத்தச் சொல்லி ஒரு சிறு தேர்வு வைப்பார்கள். கெட்டிக்காரர்களும் சறுக்குவது அங்கேதான்.

புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசம முறையில் 641.5, 641.35 இரண்டில் எது முதலில்? ஐந்தைவிட முப்பத்தைந்து பெரிது என்று எண்ணி ஏமாந்துவிடாதீர்கள். புள்ளிக்குப் பிறகு இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும், எனவே 641.35தான் முதலில். எழுத்தும் எண்ணும் கலந்து அடுக்கும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் முறையில் கணக்கு வேறு. தொடக்க எழுத்துகளை அடுத்து வருவது முழு எண்: கியூஏ 9-க்குப் பிறகே கியூஏ 76. ஆனால் அதற்கடுத்த ஆசிரியர் குறியீடு மறுபடியும் தசமம்: சி65 முன்னால், சி7 பின்னால். குழப்பமான ஏற்பாடுதான், அரை மணி நேரம் அலமாரி முன் நின்று பார்த்தால் பிடிபட்டுவிடும்.

இறுதியாண்டு மாணவர்கள் விடைபெறும் சமயத்தில் இடங்கள் காலியாகும். அறிவிப்புப் பலகைக்காகக் காத்திராமல், புத்தகம் வழங்கும் மேசையில் நேரில் விசாரியுங்கள். மாலையிலும் வார இறுதியிலும் வர முடியுமானால் விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ஆள் கிடைக்காத நேரம் அதுதான். சேர்ந்து சில மாதங்கள் ஆனதும் ஆவணக் காப்பகம், மின்னாக்கம் போன்ற பிரிவுகளில் வேலை உண்டா என்று கேளுங்கள்.