இரண்டு ஏஜென்ட்களை நெட்வொர்க் தாண்டிப் பேச வைப்பது எப்படி

ஒரே கணினிக்குள் இரண்டு ஏஐ ஏஜென்ட்களை (மாடலை வைத்துத் தானாக வேலை செய்யும் நிரல்கள்) பேச வைப்பது எளிது, ஒன்று உங்களிடமும் மற்றொன்று வேறொருவரின் சர்வரிலும் இருந்தால்தான் தலைவலி. அதற்கு ஏ2ஏ (Agent2Agent) நெறிமுறையைப் பாருங்கள், ஏஜென்ட்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது விதிகள் அவை. 2025 ஏப்ரலில் கூகுள் அறிவித்தது, ஜூனில் லினக்ஸ் ஃபவுண்டேஷன் கைக்குப் போய்விட்டது.

முதல் வேலை, பதில் சொல்லும் ஏஜென்ட்டுக்கு ஏஜென்ட் கார்டு எழுதுவது. விசிட்டிங் கார்டு மாதிரி ஒரு ஜேசன் (JSON) வடிவக் கோப்பு: பெயர், முகவரி, தெரிந்த வேலைகள், எந்த வகை அங்கீகாரம் கேட்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். வேலைகளின் விளக்கத்தில் சோம்பல் வேண்டாம், மறுமுனை மாடல் அதைப் படித்துத்தான் உங்களை அழைக்கலாமா என்று முடிவு செய்யும். ஏபிஐ சாவியை (சேவையைத் திறக்கும் ரகசியக் குறியீடு) மட்டும் தயவுசெய்து அதில் போட்டுவிடாதீர்கள்!

மறுமுனைக்குக் கார்டு கிடைக்கவில்லையா? கோப்பின் பெயரைப் பாருங்கள், ஏ2ஏ-வின் 0.3 பதிப்பில் அது மாறிவிட்டது, பழைய பாடங்களில் பழைய பெயர்தான் இருக்கும். அடுத்து, சர்வர் 127.0.0.1-இல் (அதே கணினிக்குள் மட்டும் எட்டும் முகவரி) மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் வெளியிலிருந்து யாரும் எட்ட முடியாது. நான் இதில் ஒரு மாலையையே தொலைத்தேன். 0.0.0.0-க்கு (கணினியின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் கேட்கும்) மாற்றுங்கள், ஆனால் முன்னால் எச்டிடிபிஎஸ் போட்ட ஒரு ப்ராக்ஸி (இடையில் நின்று கோரிக்கைகளை வாங்கித் தரும் சர்வர்) இருக்கட்டும்.

அப்புறம், நீண்ட வேலைக்குப் பதில் உடனே வராது. அந்த வேலைக்குக் கிடைக்கும் டாஸ்க் எண்ணை வைத்து நிலையைக் கேளுங்கள், அல்லது ஸ்ட்ரீமிங்கில் (வர வரத் துண்டு துண்டாக) வாங்குங்கள். 'கூடுதல் தகவல் தேவை' என்றும் ஒரு நிலை உண்டு, அதைக் கையாளாத நிரல் சும்மா காத்துக்கொண்டே நிற்கும்.

வரும் பதிலை அப்படியே உங்கள் மாடலுக்குக் கட்டளையாக ஊட்டாதீர்கள், அது வெளியாள் எழுதிய உரைதான்.