மெயிலில் ‘டு’ வந்தால் அடுத்து என்ன?

பாரிமுனையில், சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. வெளிநாட்டுக்குப் போகும் ஆங்கில மெயில்கள் என் கண்ணில் பட்ட பிறகுதான் போகும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் எந்த வினைக்குப் பின் ‘டு’, எதற்குப் பின் ‘இங்’ என்று நீளப் பட்டியலை மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். அது வேண்டாம். தினமும் எழுதுகிற நாலைந்து தொடர் பிடிபட்டாலே மெயில் மரியாதையாக இருக்கும்.

‘லுக் ஃபார்வர்டு டு’ என்றதும் எல்லோருக்கும் கை ‘ஹியர் ஃப்ரம் யூ’ என்று போகிறது. ‘ஹியரிங் ஃப்ரம் யூ’தான் சரி. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ‘யுவர் ரிப்ளை’ போட்டுப் பாருங்கள். ‘லுக் ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை’ பொருந்துகிறது இல்லையா? அப்படியென்றால் அந்த ‘டு’ பிரிபொசிஷன், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் சொல். பின்னால் வினை வந்தால் ‘இங்’ வேண்டும். ‘வி வுட் லைக் டு’வுக்குப் பின் ‘யுவர் ரிப்ளை’ நிற்காது. அங்கே ‘கன்ஃபர்ம்’, ‘நோ’ என்று வெறும் வினைதான். ‘கமிட்டட் டு’, ‘அப்ஜெக்ட் டு’ இரண்டும் ‘இங்’ பக்கம்.

கேட்டு வாங்கும்போது ‘வுட் யூ மைண்ட் செக்கிங் தி டிராஃப்ட் பி.எல்.?’ என்று எழுதுங்கள் (பி.எல். என்பது ‘பில் ஆஃப் லேடிங்’, கப்பல் சரக்குக்கான ரசீது). ‘மைண்ட் டு செக்’ கிடையாது. ‘சஜஸ்ட்’டும் அப்படியே: ‘வி சஜஸ்ட் ஷிப்பிங் பை ஏர்’. ‘அப்ரிஷியேட் யுவர் சென்டிங்’ தப்பில்லை, ஆனால் விறைப்பு. ‘வி வுட் அப்ரிஷியேட் இட் இஃப் யூ குட் சென்ட்’ இதமாக இருக்கும். அந்த ‘இட்’டை மட்டும் விட்டுவிடாதீர்கள், பாதிப் பேர் விடுகிறார்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது ‘ரிக்ரெட்’ பற்றித்தான். கப்பல் தாமதம் என்று முதல்முறை சொல்லும்போது ‘வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ’. அதையே ‘ரிக்ரெட் இன்ஃபார்மிங் யூ’ என்று எழுதினால், உங்களிடம் ஏன்தான் சொன்னோமோ என்று வருந்துவதுபோல் ஆகிவிடும். சரக்கு வராமல் தவிக்கும் ஆளுக்கு அப்படி ஒரு வரி போகக்கூடாது. ‘ரிமெம்பர்’, ‘ஃபர்கெட்’ இரண்டுக்கும் இதே கணக்கு: இனிமேல் செய்ய வேண்டியது ‘டு’, செய்து முடித்தது ‘இங்’. ‘ப்ளீஸ் ரிமெம்பர் டு சைன் தி இன்வாய்ஸ்’ என்றால் இன்னும் கையெழுத்தாகவில்லை. ‘ஐ ரிமெம்பர் சைனிங் இட்’ என்றால் போட்டாகிவிட்டது.

அப்புறம் மன்னிப்பு. ‘ஃபார்’ பிரிபொசிஷன், அதனால் ‘வி அபாலஜைஸ் ஃபார் நாட் ரிப்ளையிங் சூனர்’. ‘நாட்’ முன்னால்தான் வரும்.