ஓட்டு வீட்டில் டீஹியூமிடிஃபயர்: எங்கே தவறுகிறோம்?

ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. தென்மேற்கும் வடகிழக்கும் சேர்ந்து நனைக்கிற மாவட்டம் எங்கள் கன்னியாகுமரி. தக்கலை, திருவட்டாறு, குலசேகரம் பக்கத்துப் பழைய வீடுகளில் பீரோவைத் திறந்ததும் வரும் மக்கல் வாடை எல்லோருக்கும் தெரியும். பட்டுச் சேலை மடிப்பில் பூஞ்சணம் பிடிக்கும். பத்திரத்தில் பழுப்புக் கறை ஏறும். பலகைக் கதவு ஊதிப்போய்ச் சாத்த வராது. இதற்காக, காற்றின் ஈரத்தை இழுத்தெடுக்கும் மெஷினான டீஹியூமிடிஃபயர் வாங்கியவர்களில் பலர், இரண்டு மாதத்தில் "கரண்ட் பில்தான் ஏறிச்சு" என்று அதை மூலையில் தள்ளிவிடுகிறார்கள். பெரும்பாலும் மெஷினில் கோளாறு இருப்பதில்லை.

அது வேலை செய்யும் விதம் எளிது. உள்ளே ஃப்ரிட்ஜில் இருப்பதுபோல ஒரு குளிர்ந்த குழாய்ச்சுருள் இருக்கிறது. ஃபேன் அறைக்காற்றை இழுத்து அதன்மேல் விடும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்ப்பதுபோல, காற்றிலுள்ள ஈரம் சுருளில் படிந்து தொட்டியில் சொட்டும். காய்ந்த காற்று திரும்ப அதே அறைக்குள் வரும். எனவே அடைத்த அறையைத்தான் அதனால் உலர்த்த முடியும்.

முதல் தவறு இங்கேதான். காற்றோட்டம் வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லித் தந்தது மாசி, பங்குனிக்கு மிகச் சரி. அடைமழை நாளில் வெளிக்காற்றின் ஈரப்பதமே 85, 90 சதவீதம் இருக்கும். எங்கள் அம்மா வீட்டில் மெஷினை முதலில் முற்றத்தை ஒட்டிய கூடத்தில்தான் வைத்தோம். தொட்டி நிறைந்துகொண்டே இருந்தது, ஈரப்பத அளவுமானி 85-ஐ விட்டு இறங்கவில்லை. ஊர் மழைக்காற்றை எல்லாம் காசு கொடுத்து உலர்த்திக்கொண்டிருந்தோம். அப்புறம் ஓட்டுக்குக் கீழே மச்சு (பலகைத் தளம்) போட்ட உள்ளறைக்கு மாற்றினோம். ஜன்னலைச் சாத்தி, கதவின் அடி இடுக்கில் பழைய துணியைச் சுருட்டி வைத்தோம். மறுநாள் 62 காட்டியது. ஓட்டு வீடு முழுவதையும் உலர்த்த நினைக்காதீர்கள். ஓட்டின் இடுக்குகள் வழியே காற்று வந்து போய்க்கொண்டேதான் இருக்கும். துணியும் பத்திரமும் புத்தகமும் இருக்கிற ஓர் அறையைக் காப்பாற்றினால் போதும்.

அதே அறையில் கொடி கட்டி ஈரத்துணி காயப்போடுவதும், பக்கத்து அடுக்களைக் கதவைத் திறந்துவிட்டுச் சோறு வடிப்பதும், காயாத ரப்பர் ஷீட்டை உள்ளே கொண்டுவந்து தொங்கவிடுவதும் மெஷினுக்கு எதிராக நாமே செய்கிற வேலைகள். துணியை உலர்த்தத்தான் மெஷின் என்றால் சரி, அதற்கென்று தனி அறை வையுங்கள்.

அடுத்தது சுவர், எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். தரையிலிருந்து ஒன்றிரண்டு அடி உயரம்வரை ஓதம் ஏறி, உப்பு பூத்து, காரை உதிர்கிறதா? அது மண்ணிலிருந்து ஏறுகிற நீர். மெஷினை எத்தனை நாள் ஓட்டினாலும் அது நிற்காது. ஈரம் வேகமாகக் காயும்போது சுவரின் உப்பு மேலே வந்து காரையை இன்னும் உதிர்க்கவும் செய்யும். ஓட்டுத் தண்ணீர் சுவரின் அடியில் விழுகிறதா, வெளியே மண் தரைமட்டத்துக்கு மேல் ஏறிக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். மண்ணை வெட்டி எடுத்து, தண்ணீர் விலகி ஓட வழி செய்யுங்கள். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்டும் அடித்துவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வாங்கும்போது, கையடக்கமாக மலிவு விலையில் வரும், கம்ப்ரஸர் இல்லாத பெல்டியர் வகையை அறைக்கென்று வாங்க வேண்டாம். நாளுக்குச் சில நூறு மில்லிதான் எடுக்கும், ஒரு அலமாரிக்குச் சரி. நம் ஊரில் குளிர் கிடையாது, எனவே மேலே சொன்ன, ஃப்ரிட்ஜ் போன்ற கம்ப்ரஸர் வகையே பொருத்தம். பெட்டியில் 20 லிட்டர் என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில் அளந்த கணக்கு. அறை உலர உலர தொட்டியில் சேரும் தண்ணீர் குறையும். அறை சற்றுச் சூடாவதும் இயல்புதான், இது ஏசி அல்ல.

சில நூறு ரூபாய்க்கு ஒரு ஈரப்பத அளவுமானி வாங்கி, மெஷினுக்குத் தள்ளி பீரோ பக்கம் வையுங்கள். 55 முதல் 60 வரை போதும். 40-க்குக் கீழே இறக்கினால் அயனி, பலா, தேக்குப் பலகைகள் வெடிக்கக்கூடும். 300 வாட் மெஷின் 10 மணி நேரம் நிற்காமல் ஓடினால் 3 யூனிட். அளவு எட்டியதும் தானாக நிற்கும்படி வைத்தால் அவ்வளவு ஆகாது.

சுவரை ஒட்டி வைக்காமல் ஓர் அடி தள்ளி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போகிற இடமென்றால், கரண்ட் வந்ததும் தானே மறுபடி ஓடும் வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வெளியூரில் இருக்கும்போது நின்றது நின்றபடியே கிடக்கும்.

தொட்டித் தண்ணீரை டிஸ்டில்டு வாட்டர் என்று எண்ணி இன்வெர்ட்டர் பேட்டரியில் ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் தூசியும், சுருளின் உலோகத் துகளும், கிருமியும் கலந்திருக்கும். பேட்டரிக்கும் ஆகாது, குடிக்கவும் ஆகாது. கழிப்பறைக்கு ஊற்றலாம், முற்றத்துச் செடிக்கு ஊற்றலாம்.