ஒரே ஒரு நோயாளியை வைத்து: அபூர்வ நரம்பியல் நிகழ்வுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நரம்பியலில் அடிப்படையான பல செய்திகள் தனி நோயாளிகளிடமிருந்து வந்தவை. அதனாலேயே அவை கதையாகவும் எளிதில் மாறிவிடுகின்றன. அவற்றைப் படிக்கும் மாணவர்களும் எழுதும் எம்மைப் போன்றவர்களும் செய்யும் முதல் தவறு, மூல அறிக்கையைப் பார்க்காமல் மறுபதிப்புக் கதையை நம்புவது.

பினியாஸ் கேஜ் இதற்குப் பொருத்தமான சான்று. 1848 செப்டம்பர் 13 அன்று, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்காகப் பாறையை வெடிவைத்துத் தகர்க்கும் வேலையில், ஒரு மீட்டருக்கும் சற்று நீளமான, ஏறத்தாழ 6 கிலோ எடையுள்ள இரும்புக் கம்பி அவருடைய இடது கன்னத்தின் வழியே புகுந்து மண்டையின் உச்சியில் வெளியேறியது. அவர் பிழைத்தார், ஆனால் குணம் கெட்டு, குடிகாரராகி, ஊர் ஊராக அலைந்து அழிந்தார் என்பதுதான் நாம் கேட்டு வளர்ந்த கதை. அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் ஜான் ஹார்லோ குணமாற்றத்தை விரிவாக எழுதியது 1868இல், அதாவது கேஜ் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து. அதுவும் சில பத்திகளே. பிற்காலத்தில் உளவியல் வரலாற்றாளர் மால்கம் மக்மில்லன் ஆவணங்களைத் தேடி ஒப்பிட்டபோது, பாடநூல்கள் கூறும் பல செய்திகளுக்கு ஆதாரமே இல்லை என்பது தெரியவந்தது. சிலி நாட்டில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் அவர் குதிரை வண்டி ஓட்டினார் என்ற செய்தியோ பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. பயணிகளையும் குதிரைகளையும் பாதையையும் ஒருசேரக் கவனித்தாக வேண்டிய அந்த வேலையை ஒருவர் இத்தனை காலம் செய்திருக்கிறார் என்றால், அவர் ஓரளவேனும் தேறியிருக்க வேண்டும் என்று கருதுவதே நியாயம். 1860இல் வலிப்பு கண்டு அவர் இறந்தபோது மூளையை எவரும் பரிசோதிக்கவில்லை. பின்னர் தோண்டி எடுக்கப்பட்ட மண்டையோடு மட்டுமே மிஞ்சியது. ஆகவே, மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு சேதமடைந்தது என்று இன்று காட்டப்படும் படங்கள் யாவும் அந்த எலும்பிலிருந்து கணித்தவை.

இரண்டாவது தவறு, சேதமான இடத்தையும் இழந்த திறனையும் ஒன்றுக்கொன்று முடிச்சுப் போட்டுவிடுவது. மருத்துவ இலக்கியத்தில் எச்.எம். என்ற எழுத்துகளால் அறியப்பட்ட ஹென்றி மொலைசனுக்கு, தீராத வலிப்பைக் குறைப்பதற்காக, 1953இல் அறுவைச் சிகிச்சையாளர் வில்லியம் ஸ்கோவில் மூளையின் இரு பக்கமும் உட்புறப் பொட்டு மடலை அகற்றினார். அதன்பின் புதிய நிகழ்வுகளை அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. ஆனால், கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியில், முந்தைய நாள் வரைந்ததே நினைவில்லாத நிலையிலும் அவருடைய கை நாளுக்கு நாள் தேறியது. நினைவு என்பது ஒரே பொருள் அல்ல என்று நரம்பியல் உளவியலாளர் பிரெண்டா மில்னர் காட்டியது இவ்வாறுதான். அந்த மடலுக்குள் இருக்கும், புதிய நினைவுகள் உருவாக உதவும் பகுதியைப் பற்றிய ‘ஹிப்போகாம்பஸ் முழுவதும் எடுக்கப்பட்டது’ என்ற சொற்றொடரை மட்டும் இனி எழுதாமல் இருப்பது நல்லது. அகற்றிய பகுதியின் நீளம் என்று அறுவைச் சிகிச்சையாளர் கணித்தது 8 செ.மீ.; பின்னாளைய எம்.ஆர்.ஐ. படங்களில் தெரிந்தது சுமார் 5 செ.மீ. 2008இல் அவர் இறந்தபின் மூளையை 2401 மெல்லிய சீவல்களாக்கி ஆராய்ந்தபோது, ஹிப்போகாம்பஸின் பின்பகுதி கணிசமாக எஞ்சியிருந்ததும் முன்மடலில் யாரும் எதிர்பாராத ஒரு சிறு காயம் இருந்ததும் தெரிந்தன. பல ஆண்டுகள் உட்கொண்ட வலிப்பு மருந்தால் சிறுமூளையும் சுருங்கியிருந்தது. ஒரே அறுவையால் மட்டும் ஆன மூளை அல்ல அது.

இன்னொரு தவறு நோயாளியின் குடும்பத்தையே நேரடியாகத் தொடுகிறது. மருந்து கொடுத்தபின் ஒருவர் தேறினார் என்பதை, மருந்தால் தேறினார் என்று படித்துவிடுகிறோம். தூக்கத்துக்குத் தரப்படும் சோல்பிடெம், மூன்று ஆண்டுகளாக உணர்வு குன்றிக் கிடந்த ஒருவரைப் பேச வைத்ததாக 2000இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து அறிக்கை வந்தது. அது பொய்யல்ல, ஆனால் அதே நிலையிலுள்ள எத்தனை பேருக்கு அது பலன் தரும் என்பதை ஓர் அறிக்கையால் சொல்ல முடியாது. பலன் கிடைக்காதவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதும் இல்லை. 2014இல் வெளியான ஆய்வில், உணர்வுக் குறைபாடு உள்ள 84 பேருக்கு, யார் எதை உட்கொள்கிறார் என்று தெரியாதபடி, மருந்தையும் மருந்தில்லாத போலி மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். தெளிவாகப் பலன் கண்டவர்கள் 4 பேர். பூஜ்யமும் இல்லை, அதிசயமும் இல்லை.

இதையெல்லாம் கேட்டு, தனி நிகழ்வு அறிக்கைகளே பயனற்றவை என்று ஒதுக்குவது எதிர்த்திசைத் தவறு. 2007இல் நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவ் குழுவினர் 12 பெண்களைப் பற்றி எழுதினார்கள். திடீரென மனநோய் போன்ற நடத்தை, நினைவிழப்பு, வலிப்பு, மூச்சுத் தடுமாற்றம் ஆகியவற்றோடு வந்த அவர்கள் அனைவருக்கும் டெரடோமா என்னும் கட்டி, பெரும்பாலும் சினைப்பையில், இருந்தது, மூளையின் நரம்பணுக்கள் செய்தி பெற உதவும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கும், உடலே உருவாக்கிய எதிர்ப்புரதங்களும் இருந்தன. கட்டியை அகற்றி, நோயெதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் சிகிச்சை தந்தால் பலர் மீள்கிறார்கள் என்பது அந்தச் சிறு தொகுப்பிலிருந்து கிடைத்த அறிவு. பின்னர் 2013இல் 577 நோயாளிகளைத் தொகுத்தபோது, கட்டி இருந்தவர்கள் 38 சதவீதமே என்றும், மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் என்றும், ஆண்களும் அதில் உண்டு என்றும் தெரிந்தது. முதல் 12 பேரின் தோற்றத்தையே நோயின் இலக்கணமாக மனத்தில் பதித்துக்கொண்ட மருத்துவர், கட்டி இல்லை, பெண்ணும் இல்லை என்ற காரணத்தால், திடீரென்று பிதற்றத் தொடங்கிய ஒரு சிறுவனுக்கு, அந்த எதிர்ப்புரதங்களைத் தேடும் தண்டுவட நீர்ப் பரிசோதனையைக் கேட்காமலே விட்டுவிடக்கூடும்.